காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அடகுக் கடை விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அடகுக் கடைக்குள் போனால் கண்ணாடிப் பெட்டியில் பழைய மடக்குக் கத்திகள் கிடக்கும், பேரம் பேசி அள்ளிக்கொண்டு வரலாம் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, புதுச்சேரியில் அப்படிக் கடை எங்கே என்கிறார்கள். இங்கே கிடையாது. நம்ம ஊர் சேட்டுக் கடையில் தங்கம், வெள்ளி, சில இடங்களில் பித்தளைப் பாத்திரம், அத்தோடு சரி. கத்தியை வைத்துக்கொண்டு எவரும் பணம் தர மாட்டார்கள். வெள்ளியில் செய்த சின்ன பழக்கத்திகள் மட்டும் விதிவிலக்கு. இங்கிலாந்தில் செய்த பழைய பழக்கத்திகளில் அலகே வெள்ளி, கைப்பிடி முத்துச்சிப்பி, அலகின் அடியில் நடக்கும் சிங்கம் போட்ட சின்ன முத்திரை. அப்படி ஒன்று மீட்கப்படாமல் கிடந்தால் கடைக்காரருக்கு அது வெள்ளி, எடை போட்டுத்தான் விலை சொல்வார். அழகான பொருள்தான், ஆனால் வெள்ளி அலகால் பழத்தைத் தவிர வேறெதையும் வெட்ட முடியாது, உழைக்கும் கத்தி தேடுகிறவர்களுக்கு அது ஆகாது.

உழைக்கும் கத்தி வேண்டுமென்றால் இரண்டு இடம். ஒன்று பழைய இரும்புக் கடை, இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி. இரும்புக் கடையில் ஸ்பேனர், தாழ்ப்பாள், உடைந்த வடிகட்டி எல்லாம் சேர்ந்த குவியலுக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும், கிடைத்தால் கிலோ கணக்கில் கிடைக்கும், கிடைக்காத நாட்கள்தான் அதிகம். காந்தி வீதி அப்படி இல்லை. ஞாயிறு அன்று வழக்கமான கடைகள் பெரும்பாலும் ஷட்டரை இறக்கிவிட, நேரு வீதி பக்கத்திலிருந்து நடைபாதை நெடுக விரித்துவிடுகிறார்கள். பெரும்பகுதி துணி, செருப்பு, பொம்மை, பாத்திரம். நடுநடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் போட்டிருப்பவர்கள் சிலர் இருப்பார்கள், பழைய புத்தகம், கைக்கடிகாரம், கேமரா, ரிமோட், பூட்டு, பித்தளைக் குழாய் என்று கலந்து கட்டி. அவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். கத்தி தனியாக அடுக்கி வைத்திருக்காது. பாட்டில் திறப்பான், கரண்டி, சாவிக்கொத்து எல்லாம் கிடக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் மடங்கிக் கிடக்கும். அந்த டப்பாவைக் கொட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் "பாருங்க தம்பி" என்றுதான் சொல்வார்கள்.

புதுச்சேரியில் இதைத் தேடுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. சென்னையிலோ விழுப்புரத்திலோ இதே மாதிரி சாமான் விரிப்பில் கிடைப்பது பெரும்பாலும் சீனப் பொம்மைக் கத்திதான். இங்கே பிரெஞ்சுக் கத்தி வருகிறது. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு, சொல்தா வீடு (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் வீடு) என்றால் புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் பிரான்சில், பெரியவர்கள் இங்கே. லீவுக்கு வரும்போது பெட்டியில் சீஸ், வாசனைத் திரவியத்தோடு ஒரு மடக்குக் கத்தியும் வந்திருக்கும். வீடு காலி செய்யும்போது அந்தக் கத்தி பழைய சாமானோடு போய்விடுகிறது, வாங்கினவருக்கு அது என்னவென்று தெரிவதில்லை, தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இல்லை. அதனால்தான் இங்கே ஓபினெல் கத்தியை, கைப்பிடி கறுத்து அலகு துருப்பிடித்த நிலையில், காய் நறுக்கும் பிளாஸ்டிக் கத்தி விலைக்கு வாங்க முடிகிறது.

ஓபினெல் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1890-ல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓபினெல் செய்ய ஆரம்பித்த விவசாயி கத்தி. பீச் (beech) மரக் கைப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு வளையம். அலகில் மூன்று விரல் நீட்டிய கையும் மேலே கிரீடமும் முத்திரை. கைப்பிடியில் அளவைக் குறிக்கும் எண் இருக்கும், எட்டாம் நம்பர்தான் சாதாரணமாகக் கண்ணில் படுவது. கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டு வளையம் வந்தது 1955-ல். ஆரம்பத்தில் திறந்த நிலையில் மட்டும்தான் பூட்டும், மடக்கிய நிலையிலும் பூட்டுகிற மாதிரி 2000-ல்தான் மாற்றினார்கள். ஆக, கையில் எடுத்து மடக்கி வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், பூட்டவில்லை என்றால் வளையம் கெட்டிருக்கலாம், அல்லது கத்தி 2000-க்கு முந்தையது. விற்கிறவர் "பூட்டு வேலை செய்யல, கொறச்சுக் குடுங்க" என்று அவரே விலையை இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அது பழுது இல்லை, அந்தக் கத்தியின் வயசு.

இப்போது முக்கியமான விஷயம். பழைய கத்தி பார்க்கும்போது துருவைப் பார்த்து ஓடாதீர்கள், தேய்மானத்தைப் பார்த்து ஓடுங்கள். துரு மேலே படிந்தது, உட்கார்ந்து தேய்த்தால் போய்விடும். சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தின்னவிட்ட இரும்பு திரும்பி வராது. பளபளவென்று மின்னுகிற பழைய கத்தியைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும், யாரோ கிரைண்டரில் காட்டி மினுக்கியிருக்கிறார்கள் என்று. சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நம்பர் ஓபினெல் அலகு எட்டரை சென்டிமீட்டர், ஒன்பதாம் நம்பர் ஒன்பது, பத்தாம் நம்பர் பத்து. அளந்து பார்த்து ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் முனை உடைந்து, உடைந்த இடத்தைத் தேய்த்துப் புது முனை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மடக்கிய நிலையில் முனை கைப்பிடிக் குழிக்குள் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாலும் தெரியும். அப்புறம் அலகின் அடிப்பகுதி, ஆணிக்குப் பக்கத்தில்: அங்கே சாணை படாது, அதனால் பழைய அகலம் அப்படியே இருக்கும். அங்கிருந்து அலகு திடீரென்று குறுகி வயிறு ஒட்டிப்போயிருந்தால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று கண்ணாலேயே அளக்கலாம்.

துருவிலும் இரண்டு வகை உண்டு. செம்பொடியாகக் கையில் ஒட்டுவது ஒன்றுமில்லை. நகத்தால் வருடினால் குழி குழியாகத் தட்டுப்படுவது வேறு, அது இரும்புக்குள் இறங்கிவிட்டது. அந்தக் குழி அலகின் நடுவிலோ முதுகுப் பக்கமோ இருந்தால் பரவாயில்லை, பார்க்க அழகில்லை என்பதோடு சரி. வெட்டும் வாயை ஒட்டி இருந்தால் வேண்டாம், எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் வாய் பல் பல்லாகப் பிய்யும். அடுத்து ஆட்டம். திறந்து பூட்டி, அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். லேசான ஆட்டம் என்றால் ஆணியின் இரண்டு தலையையும் சின்னச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடலாம். லொடலொடவென்று ஆடினால் துளையே பெரிதாகியிருக்கும், வைத்துவிடுங்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு எட்டாம் நம்பர் இப்படித்தான் கிடைத்தது. நானூறு சொன்னார், நூற்றைம்பதுக்குக் கொடுத்தார். பேரம் ரொம்ப நேரம் இல்லை. "தொறக்கவே மாட்டேங்குது அண்ணே, தொறந்து காட்டுங்க பாப்போம்" என்றேன், அவர் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கைப்பிடி கறுத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது, வளையம் திரும்பவில்லை, அலகின் முதுகில் மட்டும் செந்துரு தெரிந்தது. ஆனால் முதுகுக் கோடு நேராக முனைவரை இறங்கியது, முனை குழியின் கடைசிவரை போய் நின்றது. அந்த இரண்டும் போதும்.

திறக்காத ஓபினெலைத் திறக்க சவோய்காரர்கள் வழி ஒன்று உண்டு. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் கழுத்துப் பக்கத்தை இல்லை, அதற்கு எதிர்ப்பக்கத்து அடிமுனையை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகின் முனை குழியிலிருந்து கொஞ்சம் எம்பும், பிடித்து இழுத்துவிடலாம். இந்தக் கத்தியில் வளையமே சிக்கியிருந்ததால் முதலில் அதன் இடுக்கில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி வைத்துவிட்டேன். மரக் கைப்பிடியை முழுசாக மண்ணெண்ணெயில் முக்காதீர்கள், வாடை ஏறினால் பிறகு பழம் வெட்ட முடியாது. காலையில் வளையம் முனகிக்கொண்டு திரும்பியது. தட்டினேன், அலகு எம்பியது, உள்ளே குழியில் இருந்து மணலும் துருவும் ஏதோ காய்ந்த பழக் கசடும் உதிர்ந்தன. அலகின் அடியில் கார்போன் என்ற எழுத்து தெரிந்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஈனாக்ஸ் என்று போட்டிருந்தால் துருப்பிடிக்காத எஃகு, அதுவும் நல்லதுதான். கார்போன் என்றால் கார்பன் எஃகு, அது துருப்பிடிக்கும், ஆனால் கல்லில் நாலு இழுப்பில் தீட்டிக்கொள்ளும்.

துரு எடுக்க நான் எந்த மெஷினும் பயன்படுத்துவதில்லை. பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), 400, 600, 1000, 2000 நம்பர், இந்த வரிசையில், கொஞ்சம் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் கடைசிவரை போகாது. முத்திரை இருக்கும் இடத்தின் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் துருவோடு கிரீடமும் கையும் போய்விடும், அப்புறம் அது யார் செய்த கத்தி என்று சொல்ல வழியில்லை. வினிகரில் ஊறவைப்பதும் வேலை செய்யும், ஆனால் அலகு மட்டும் நனைய வேண்டும், மறந்து விட்டுவிடக் கூடாது, எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் புளிப்பு உள்ளேயே இருந்து மறுபடி துருவைக் கிளப்பும்.

கைப்பிடிக்கு லேசாக வாட்டர் பேப்பர், அப்புறம் ஆளிவிதை எண்ணெய். பலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், அது மரத்துக்குள் காயாது, பிசுபிசுவென்று நின்று நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாகிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது இறுகும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு. விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

மழைக்காலம் வந்ததும் ஓபினெலின் ஒரே பெரிய குறை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு பீச் மரம் ஊதிவிடும், அலகு மறுபடி குழிக்குள் இறுகி உட்காரும். அப்போது கழுத்துப் பக்கம் குழியின் இரண்டு உட்சுவரையும், மடித்த வாட்டர் பேப்பரை நுழைத்துக் கொஞ்சமே கொஞ்சம் தேய்த்து, தேன்மெழுகை உருக்கிப் பூசிவிடுங்கள். அவசரப்பட்டு நிறைய தேய்த்துவிட்டால் சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் அலகு தளர்ந்துபோகும். அதனால் மழை நாளில் சரிக்குச் சரி, சற்று இறுக்கமாகவே விட்டுவிடுவது நல்லது.

சாணை பிடிப்பவர்களைப் பற்றி. சைக்கிளில் சக்கரம் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அரிவாள், அரிவாள்மணைக்கு ரொம்ப நல்லவர்கள், அந்த வேலை அவர்களுக்கு அத்துப்படி. மெல்லிய மடக்குக் கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். காய்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறும். இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட 220 டிகிரி, நீல நிறம் ஏறிவிட்டால் 300-ஐத் தொட்டுவிட்டது என்று பொருள். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் இறுக்கம் போய்விடும், அந்த வாய் நிற்காது. நல்ல கத்தி ஒன்று முனையில் நீலம் ஏறித் திரும்பி வந்ததைக் கண்ட பிறகு, வீட்டிலேயே கல்லில் தீட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஹார்டுவேர் கடையில் இருபுறமும் வேறு வேறு சொரசொரப்புள்ள கார்போரண்டம் கல் கேட்டால் தருவார்கள். சொரசொரப்பான பக்கம் வாயைச் சரிசெய்ய, மென்மையான பக்கம் கூர் வைக்க. ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி அளவில் சாய்த்து, தண்ணீர் விட்டு, ஒரே சாய்வில். வாயின் மறுபக்கம் நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி மெல்லிய சுருள் எழும்பும்வரை ஒரு பக்கம் தேய்த்து, பிறகு திருப்ப வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தால் அந்தச் சுருள் உதிர்ந்துவிடும். என் எட்டாம் நம்பர் அதன் பிறகு செய்தித்தாளை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் வழித்துக்கொண்டு போனது. அதே நாளில் மாங்காய் நறுக்கினேன், அலகில் சாம்பலும் நீலமுமாகக் கறை ஏறியது. அதைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை. அந்தக் கறை படிந்த அலகில் செந்துரு சீக்கிரம் ஏறாது, நம் உப்புக்காற்றுக்கு அது ஒரு சின்னக் காவல். ஆனாலும் கழுவினால் உடனே துடைத்துவிட வேண்டும், ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாளே செம்மை தெரியும்.

சுவிஸ் கத்திகளும் டப்பாவில் வரும். சிவப்புக் கைப்பிடியில் சிலுவை இருந்தால் மட்டும் போதாது, பெரிய அலகின் அடியில் விக்டோரினாக்ஸ் என்றோ வெங்கர் என்றோ பொறித்திருக்க வேண்டும் (வெங்கரை 2005-ல் விக்டோரினாக்ஸே வாங்கிவிட்டது). அலகில் வெறுமனே ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் இருந்தால் பத்து ரூபாய்க்கும் வாங்காதீர்கள். அசலாக இருந்து, திறக்க நகம் உடைகிற மாதிரி இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், கடற்கரை மணலும் பையின் பஞ்சும்தான் அடைத்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு போட்ட வெந்நீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு அலகாகத் திறந்து மூடுங்கள், பழைய பல் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக் காயவைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். பாதிக்கு மேல் அதிலேயே உயிர் பெற்றுவிடும். கத்தரிக்கோலின் சின்ன ஸ்பிரிங் போயிருந்தாலும் பல்குச்சியும் இடுக்கியும் காணாமல் போயிருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவை தனியாக வாங்கக்கூடியவை.

லாகியோல் என்று எழுதித் தேனீ பொறித்த கத்திகளுக்கு அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். லாகியோல் பிரான்சில் ஒரு ஊர், ஒரு வகைக் கத்தியின் பெயர், ஒரு கம்பெனியின் பெயர் இல்லை. யார் யாரோ அந்தப் பெயரைப் போட்டு எங்கெங்கோ செய்கிறார்கள். அதைவிட, மடித்த தகட்டுக் கைப்பிடியில் முகமூடி போட்ட பொம்மை உருவம் இருக்கும் டூக்-டூக் கண்ணில் பட்டால் விடாதீர்கள், பிரான்சின் தியேர் ஊரில் 1929-லிருந்து செய்கிற கத்தி, காலனி நாடுகளுக்கென்றே செய்தது, முழுசும் இரும்பு என்பதால் மண்ணெண்ணெயில் அப்படியே போட்டு ஊறவைக்கலாம்.

கடலூர்ப் பக்கம், முதுநகர் இரும்புக் கடைகளில், என் அனுபவத்தில் பிரெஞ்சுக் கத்தி அபூர்வம், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்க் கத்திதான் வரும், கொம்புக் கைப்பிடி போட்டு, இரண்டு அலகு. அலகின் அடியில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்து இருந்தால் ஜோசஃப் ராட்ஜர்ஸ். கொம்பை வெந்நீரில் போடாதீர்கள், வளைந்துவிடும்.

வாங்கும் முன் சட்டமும் தெரிந்திருக்கட்டும். வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கு என்று செய்யாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். நாம் பேசுகிற சட்டைப்பைக் கத்திகளின் அலகு அந்த நீளத்தில் பாதிகூட வராது. பட்டன் அழுத்தினால் பாயும் கத்திகளை நான் கையாலும் தொடுவதில்லை, போலீஸ் கேட்டால் பதில் சொல்ல முடியாத பொருள் எதற்கு. வாங்கியதைக் காகிதத்தில் சுற்றிப் பைக்கு அடியில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள் கைப்பையில் வைக்கவே கூடாது.

மார்க்கெட்டைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று உண்டு. சிலர் கைப்பிடி விரிசலைக் கறுப்பு பாலிஷ் போட்டு மறைக்கிறார்கள். நகத்தால் ஆணியைச் சுற்றிக் கீறிப் பாருங்கள், கறுப்பு நகத்தில் வந்தால் கீழே விரிசல் இருக்கிறது. மற்றபடி பழைய சாமான்காரர்கள் நேர்மையானவர்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறார்கள். நான் போகிற ஒரு அண்ணன் இப்போது மரக் கைப்பிடிக் கத்தி எது வந்தாலும் தனியாக ஒரு மஞ்சப்பையில் போட்டு வைக்கிறார், வேண்டாததை வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வதும் இல்லை. காலையில் வெயில் ஏறுவதற்குள் போனால் சாமான் முழுசாக இருக்கும், சாயங்காலம் மூட்டை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கும், சாமான் இருக்காது. எனக்குக் காலைதான் சரிப்படும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் மட்டும் போகாதீர்கள், துணிக் கடைகள் நெருக்கிக்கொண்டு வந்து பழைய சாமான் விரிப்பவர்களுக்கு இடமே இருக்காது.